தண்ணீரும் பூச்சியும்

புதுக்கோட்டை ஜில்லாவில் வற்றாத ஆறு என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. கல்லணைக் கால்வாய் அறந்தாங்கிப் பக்கத்துக்குச் சிறிது காவிரி ஜலத்தைக் கொணர்கிறது. மற்றைய இடங்களில் 5,000க்கு மேற்பட்ட கண்மாய்களும் குளங்களும் கிணறுகளுமே குடியானவர்களுக்குக் கதி. இத்தகைய பிரதேசத்தில் அளவறிந்து நீர் பாய்ச்சுதல் சிக்கன விஷயம் மாத்திரமன்று; பூச்சியினின்று பயிரைக் காக்கும் விஷயமுமாகும்.

நெல்லில் விழும் புகையானை எடுத்துக்கொள்வோம். அது தூரடியில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாய் அடைந்து சாற்றை உறிஞ்சுவது. நெருங்க நட்டு, யூரியாவை அள்ளி வீசி, ஓயாமல் நீரைத் தேக்கிவைப்போமாயின், அதற்கு வேண்டிய நிழலையும் ஈரத்தையும் நாமே அமைத்துத் தந்தவர்களாகிறோம். பயிர் வட்டவட்டமாகத் தீய்ந்த பிறகு மருந்துக்கடைக்கு ஓடுகிறோம். அங்கே விற்கும் பைரித்ராய்டு வகை மருந்துகளோ, புகையானைத் தின்னும் சிலந்திகளைக் கொன்று, அதனை முன்னிலும் பெருகச் செய்கின்றன! 8 அடிக்கு 1 அடி பட்டம் விட்டு நட்டு, நீரை வடித்து, காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் அதன் பெருக்கம் தளரும்.

ஆயினும், நீரைக் குறைத்தால் எல்லாப் பூச்சியும் ஒழியும் என்றெண்ணுவது பேதைமை. நாற்றங்காலில் இலைப்பேன் வறட்சியில்தான் பெருகும். நாற்றை ஓரிரு நாள் நீரில் மூழ்கவைப்பது அதற்குப் பரிகாரம். ஆலங்குடி, கந்தர்வகோட்டைப் பக்கத்து மானாவாரிக் கடலையிலும், மழையின்றிச் செடி வாடும்போதே சுருள்பூச்சி மிகுகிறது.

இது நிற்க. நீரை வடியுங்கள் என்று உபதேசிப்பது எளிது. வயலுக்கு வயல் பாயும் கண்மாய்ப் பாசனத்தில், மேல்வயல்காரன் வடிக்கும் நீர் கீழ்வயல்காரன் பயிரில் நிற்கிறது. வடிவாய்க்கால் தூர்ந்தோ பிறர் கைப்பட்டோ கிடந்தால் எங்கே வடிப்பது? அடுத்த முறைக்கு நீர் வருமென்ற நிச்சயமில்லாதவன், கிடைத்ததைத் தேக்கித்தான் வைப்பான். அவனை அறிவிலி என்று கடிவதை நாம் ஒப்போம்.

2017ல் சர்க்கார் குடிமராமத்து வேலையை மறுபடி தொடங்கினர். அத்தகைய வேலை எப்பொழுது நடந்தாலும் கண்மாய்க் கரையோடு நில்லாமல் வடிவாய்க்காலின் கடைசி வரையில் செல்லவேண்டும். ஆயக்கட்டுதாரர்கள் கூடி, முறைநீர் விடும் நாட்களை நடவுக்கு முன்பே நிர்ணயித்தலும் அவசியம். குடுமியான்மலை வேளாண்மைக் கல்லூரியாரும் வம்பன் பயறு ஆராய்ச்சி மையத்தாரும் அக்கூட்டங்களுக்கு வந்து, எப்பூச்சிக்கு நீரை வடிப்பது, எதற்குக் கட்டுவது என்று விளக்குவார்களாயின் பெரும் உபகாரமாகும். பொதுப்பணியில் ஈடுபட்ட நண்பர்கள், பூச்சிமருந்துக்கு மானியம் கேட்டு மனுப் போடுவதற்கு முன், தம் ஊர் வடிவாய்க்கால் எங்கே போயிற்று என்று கிராமக் கணக்கில் தேடிப்பார்க்கட்டும்.