பருவநிலைக் கடன்: அமெரிக்கா தர வேண்டிய பங்கு எவ்வளவு?

ஏரியில் குடிமராமத்து என்றால் ஊரில் ஒரு கணக்கு உண்டு. ஆயக்கட்டில் யாருக்கு எத்தனை ஏக்கரோ, அதற்கேற்ப ஆளோ பணமோ தர வேண்டும். அதிக நிலம் வைத்திருப்பவர் "எல்லோருக்கும் சமமாகப் பிரியுங்கள்" என்றால் ஊர் ஒப்புக்கொள்ளாது. புவி வெப்பமாதலைச் சமாளிக்கும் செலவிலும் உலக நாடுகளிடையே இதே வழக்குதான் நடக்கிறது.

1992-ல் ரியோ டி ஜெனிரோவில் கையெழுத்துக்கு வைக்கப்பட்ட ஐ.நா. பருவநிலை உடன்படிக்கை, பொறுப்பு எல்லோருக்கும் உண்டு, ஆனால் ஒரே அளவில் அல்ல என்கிறது. அமெரிக்காவும் அதில் கையெழுத்திட்டது.

பழைய பாக்கி

தொழிற்புரட்சி காலம் முதல் உலகம் வெளியிட்ட கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய கால் பங்கு அமெரிக்காவுடையது. உலக மக்கள்தொகையில் அதன் பங்கோ 4 சதவீதம்தான்.

இன்று அதிகம் வெளியிடுவது சீனாதானே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் இந்த வாயுவில் ஒரு பகுதி பல நூறு ஆண்டுகள் காற்றிலேயே தங்கிவிடும். தாத்தா காலத்துப் புகையும் இன்றைய வெயிலைக் கூட்டுகிறது. தலைக்கணக்கு பார்த்தால், ஓர் அமெரிக்கர் ஆண்டுக்குச் சுமார் 14 டன் வெளியிடுகிறார். ஓர் இந்தியர் சுமார் 2 டன்.

நியாயமான பங்கு

அமெரிக்கத் தன்னார்வ அமைப்புகளின் கூட்டமைப்பான யு.எஸ். கிளைமேட் ஆக்‌ஷன் நெட்வொர்க் ஒரு கணக்குப் போட்டது. 2005-ம் ஆண்டு அளவிலிருந்து 2030-க்குள் 195 சதவீதம் குறைப்பதே அமெரிக்காவின் நியாயமான பங்கு என்றது. நூறுக்கு மேல் எப்படிக் குறைப்பது? 70 சதவீதம் சொந்த நாட்டில். மீதி 125 சதவீதம், ஏழை நாடுகள் குறைப்பதற்குப் பணமும் தொழில்நுட்பமும் தந்து. அமெரிக்க அரசு 2021-ல் அறிவித்த இலக்கோ 50 முதல் 52 சதவீதம்தான்.

கொடுத்தது எவ்வளவு?

பசுமைப் பருவநிலை நிதியத்துக்கு 2014-ல் 300 கோடி டாலர் தருவதாக அமெரிக்கா சொன்னது. 2023 வரை தந்தது 200 கோடி. அந்த ஆண்டு துபாய் மாநாட்டில் மேலும் 300 கோடி தருவதாக வாக்களித்தது. டிரம்ப் அரசு 2025 தொடக்கத்தில், நிலுவையில் இருந்த 400 கோடியையும் ரத்து செய்தது.

நமக்கு என்ன?

இந்த நிதியத்தின் பணம் வயல் வரை வரக்கூடியது. ஒடிசாவில் பழங்குடியினர் வாழும் பகுதிகளில் குளங்கள் வழியாக நிலத்தடி நீரைப் பெருக்கவும், சூரிய மின்சக்தியில் பாசனம் செய்யவும் நபார்டு வழியாக 2017-ல் சுமார் 3.4 கோடி டாலர் ஒப்புதல் ஆனது. 400 கோடி ரத்தானால், இதுபோல எத்தனை ஊர்க் குளங்கள் காத்துக்கிடக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

எனவே, பருவநிலை நிதியை 'உதவி' என்று செய்தியில் கேட்டால் 'பாக்கி' என்று திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பாக்கி வசூலாகும் என்று நம்பி நாற்று விட முடியாது. கெடு தேதிக்கு முன்பே பயிர்க் காப்பீடு செய்யுங்கள். மழைக்கு முன் வரத்து வாய்க்காலைத் தூர்வாருங்கள். வெள்ளத்தில் பயிர் மூழ்கினால் உடனே படம் எடுத்து, வேளாண் அலுவலரிடம் பதிவு செய்யுங்கள்.