ரத்த அழுத்தம் பூஜ்யம்!

வரன் பார்க்கும் செயலியில் வடிகட்டி போட்டுப் பார்த்திருப்பீர்கள். வயது இதற்குள், உயரம் இவ்வளவு, படிப்பு இன்னது, வேலை இந்த ஊரில், நட்சத்திரம் பொருந்த வேண்டும். ஒவ்வொன்றாக டிக் அடிக்க அடிக்க, ஆயிரத்துச் சொச்சம் பேர் இருந்த பட்டியல் மூன்று பேரில் வந்து நிற்கும். 'நல்ல வரனே அமைய மாட்டேங்குது' என்று வீட்டில் புலம்பல் ஆரம்பமாகும். அமையாமல் என்ன? நாம் போட்ட டிக்குகள்தான் அத்தனை பேரையும் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டன.

மருத்துவப் புள்ளிவிவரங்களிலும் தினம் தினம் இதே கதைதான். அங்கே வாசலோடு திரும்புகிறவர்கள் நோயாளிகள்.

ஓர் உண்மையான பட்டியலையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகரை ஒட்டி வாழ்கிறவர்கள் பீமா பழங்குடி மக்கள். சர்க்கரை நோய் அவர்களிடம் மிக அதிகம் என்பதால் பல ஆண்டுகளாக மருத்துவர்கள் அவர்களை ஆராய்ந்துவருகிறார்கள். அப்படித் திரட்டிய விவரங்களில் ஒரு பகுதி, 21 வயது நிரம்பிய 768 பெண்களைப் பற்றியது. எக்ஸெல் ஷீட் போல நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரி என்பது ஒரு பெண். நெடுவரிசைகளில் எத்தனை முறை கருவுற்றார், ரத்தச் சர்க்கரை, ரத்த அழுத்தம், தோல் மடிப்பின் தடிமன், இன்சுலின், உடல் பருமன் குறியீடு, குடும்பத்தில் நோய் உண்டா, வயது ஆகியவை இருக்கும். கடைசி நெடுவரிசையில் நோய் வந்திருந்தால் 1, இல்லை என்றால் 0. வந்தவர்கள் 268 பேர், வராதவர்கள் 500 பேர்.

1990-ல் இந்தப் பட்டியல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகத்திலுள்ள தரவுக் களஞ்சியத்துக்கு வந்தது. அன்றிலிருந்து உலகம் முழுக்க மாணவர்களுக்கு இதுதான் பால பாடம். நம்மூர் இன்ஜினீயரிங் கல்லூரிகளில் 'சர்க்கரை நோயைக் கணிக்கும் புராஜெக்ட்' என்றால் பெரும்பாலும் இதே 768 பெண்கள்தான்.

களஞ்சியத்தின் குறிப்பில் 'விடுபட்ட விவரம் எதுவும் இல்லை' என்றே இருந்தது. ஆனால், உள்ளே 35 பெண்களின் ரத்த அழுத்தம் பூஜ்யம்! அப்படி ஒருவர் க்ளினிக் வரிசையில் நின்றிருக்கவே முடியாது. 374 பெண்களுக்கு இன்சுலின் பூஜ்யம். அளக்காமல் விட்ட இடத்தில் 0 போட்டிருக்கிறார்கள் என்பது அநேகமாக நிச்சயம். பயன்படுத்திய ஒருவர் சுட்டிக்காட்டிய பிறகு, 2011 பிப்ரவரியில்தான் அந்தக் குறிப்பு திருத்தப்பட்டது. இருபது வருஷம்!

சரி, பூஜ்யம் உள்ள வரிகளை நீக்கிவிடலாமே? புள்ளிவிவரக்காரர்களின் செல்ல மொழி 'ஆர்'. அதில் ஒரே வரியில் கட்டளை போடலாம்: எல்லா நெடுவரிசையிலும் பூஜ்யம் இல்லாதவர்களை மட்டும் வைத்துக்கொள்.

போட்டால் என்ன ஆகும்? ஒரு முறைகூடக் கருவுறாத 111 பெண்கள் முதலில் காலி. அவர்களுடைய பூஜ்யம் நிஜமான பூஜ்யம். அடுத்து கடைசி நெடுவரிசை. நோய் வராத 500 பேருக்கும் அங்கே 0 அல்லவா? அத்தனை பேரும் காலி. நோயாளிகள் மட்டுமே மிஞ்சிய பட்டியலில் யாரை யாரோடு ஒப்பிடுவது?

எனவே, பூஜ்யம் வரவே முடியாத ஐந்து நெடுவரிசைகளை மட்டும் சொல்ல வேண்டும்: சர்க்கரை, அழுத்தம், தோல் மடிப்பு, இன்சுலின், பருமன். சொன்னால் மிஞ்சுவது 392 பேர். ஏறக்குறைய பாதிப் பேர் போய்விட்டார்கள். போன 376 பேரில் 374 பேரை வெளியேற்றியது இன்சுலின் என்ற ஒற்றை நெடுவரிசை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். இன்சுலினையே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு மற்ற நான்கையும் மட்டும் பார்த்தால் 532 பேர் நிற்கிறார்கள். 140 பெண்கள் திரும்பி வந்துவிட்டார்கள்! 'ஆர்' மொழியோடு வரும் 'மாஸ்' என்ற தொகுப்பில் இந்த 532 பேர்தான் இருக்கிறார்கள். பாதிப் பேரிடம் அளக்காத ஒன்றுக்காக மீதிப் பேரை மட்டும் வைத்துக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் கட்சி. இன்சுலினைப் பற்றியே ஆராய்கிறவர் என்னோடு சண்டைக்கு வரலாம், அவர் பக்கமும் நியாயம் உண்டு.

இன்னொரு வம்பும் இருக்கிறது. 'கல்யாணத்துக்கு எல்லோரும் வரவில்லை' என்கிறோம். ஒருவருமே வரவில்லையா, சிலர் மட்டும் வரவில்லையா? கேட்கிறவர் சூழ்நிலையை வைத்துப் புரிந்துகொள்வார். கம்ப்யூட்டருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அதனால்தான் 'ஆர்' மொழியில் இரண்டு தனித்தனிச் சொற்கள் வைத்திருக்கிறார்கள். 'இஃப் ஆல்' என்றால் எல்லாமே, 'இஃப் எனி' என்றால் ஏதேனும் ஒன்று. 'ஐந்தில் ஏதேனும் ஒன்று பூஜ்யமானால் நீக்கு' என்றால் 376 வரிகள் போகும். கை தவறி 'ஐந்துமே பூஜ்யமானால் நீக்கு' என்று கேட்டால் ஒரு வரிகூடப் போகாது. 768-ம் அப்படியே இருக்கும், ரத்த அழுத்தம் இல்லாத அந்த 35 பெண்களோடு! பிழை என்று ஒரு சிவப்பு எழுத்துகூடத் திரையில் வராது. வடிகட்டுவதற்கு முன்னும் பின்னும் தலையை எண்ணிப் பார்க்கிறவருக்குத்தான் அது தெரியும்.

வீட்டில் யாராவது இந்த புராஜெக்ட் செய்துகொண்டிருந்தால், எந்த வரியையும் அவசரப்பட்டு நீக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த ஐந்து நெடுவரிசைகளிலும் உள்ள பூஜ்யங்களை 'விவரம் இல்லை' என்று மாற்றி எழுதினால் போதும். அதன்பின் ரத்த அழுத்தத்தைப் பற்றிக் கேட்கும்போது 733 பெண்கள் பதில் சொல்வார்கள், இன்சுலினைப் பற்றிக் கேட்கும்போது 394 பேர் சொல்வார்கள். வயதைக் கேட்டால் 768 பேருமே சொல்வார்கள்.