வண்டிக்கு வாய்க்காத சுதந்திரம்

சிலியில் பழைய வேன் ஒன்றை வாங்கி, படுக்கையும் அடுப்பும் பொருத்தி, படகோனியா முழுதும் சுற்றி, பயணம் முடியும் ஊரில் விற்றுவிட்டு விமானம் ஏறுவதைச் சுதந்திரத்தின் உச்சமாகப் பயண எழுத்து கொண்டாடுகிறது. இது அரை உண்மை.

வரி எண் பெற்றால் சிலியில் அயல்நாட்டாரும் வண்டி வாங்கலாம். ஆனால் அவ்வண்டி அர்ஜென்டினாவுக்குள் தற்காலிக அனுமதியில்தான் நுழைகிறது. அங்கே அதை விற்பது சட்டவிரோதம். எதிர்த்திசையிலும் வழியில்லை: பயன்படுத்திய வாகனங்களின் இறக்குமதியைச் சிலி 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுத்திருக்கிறது, தீர்வையற்ற மண்டலங்கள் போன்ற விலக்குகள் சிலவே. மனிதன் எல்லையைக் கடந்துவிடுகிறான். அவனுடைய வண்டியோ, சட்டத்தின் கண்ணில், பதிவான நாட்டுக்கே கட்டுப்பட்டது.

உசுவாயாவில் கைக்காசு தீர்ந்த பயணி ஒரு துண்டுச்சீட்டில் கையெழுத்திட்டு வேனை விற்கிறார் என்று கொள்வோம். வாங்கியவர் அதைத் தம் பெயருக்கு மாற்ற இயலாது. சுங்கத்துறை பறிமுதல் செய்தால் இழப்பு உள்ளூர்க்காரருக்கு. சுதந்திரம் பற்றிய நூல் மட்டும் பயணிக்கு. அடுத்தவர் தலையில் கட்டிய சுமைக்குப் பெயர் சுதந்திரமா?

வண்டியைச் சிலிக்கே திருப்பி ஓட்டிவந்து, நோட்டரி முன்னிலையில் முறையாகப் பெயர் மாற்றிக் கொடுப்பவரின் அலுப்பான கடைசி வாரத்தை எவரேனும் எழுதட்டும். அதையே நான் பயண இலக்கியம் என்பேன்.