படைவீரர் இல்லங்களில் உயில் வேண்டும்: தேனி மாவட்ட ஆட்சித் தலைவருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

முல்லைப் பெரியாற்று நீரால் இருபோகம் விளையும் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து தேசத்தின் எல்லைகளைக் காக்கச் செல்லும் வாலிபர்களில் பலர், தமது சொத்து தமக்குப்பின் எவரைச் சேரவேண்டும் என்பதை எழுதிவைக்காமலே விடுமுறை முடிந்து ரயிலேறிவிடுகிறார்கள் என்ற விஷயத்தைத் தங்கள் கவனத்திற்குக் கொணரவே இம்மடலை வரைகிறேன். பிள்ளை பட்டாளத்தில் இருக்கையில் உயிலைப் பற்றிப் பேசுவதே அபசகுனம் என்று அஞ்சும் தாயுள்ளத்தை நான் அறிவேன். ஆயினும் அந்த அச்சம் காரணமாக எழுதாமல் விடப்பட்ட ஒரு தாள், பின்னர் அதே தாயை நீதிமன்றப் படியேற்றிவிடுகிறது.

படையிற் சேரும்போதே நியமனதாரர் பெயரை எழுதி வாங்கிவிடுகிறார்களே, அது போதாதா என்று குடும்பத்தார் கேட்கின்றனர். போதாது. வங்கிக் கணக்கின் நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமை உடையவரே அன்றி அதற்கு உடைமையாளர் ஆகார் என்று உச்ச நீதிமன்றம் 2010-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்திருக்கிறது. நிலத்துக்கோ அத்தகைய நியமனம் என்ற ஏற்பாடே கிடையாது.

மகன் அனுப்பிய சம்பளத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, அவன் பெயரிலேயே உத்தமபாளையம் வட்டத்தில் ஓர் ஏக்கர் வாங்கி, கல்தூண் நட்டுக் கம்பி இழுத்துப் பன்னீர் திராட்சைப் பந்தல் போட்டு, கவாத்து முதல் அறுவடை வரை தாமே நின்று பார்க்கும் ஒரு தகப்பனாரை எண்ணிப் பாருங்கள். அம்மகன் உயில் எழுதாது காலமானால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அந்நிலம் அவனுடைய தாய், மனைவி, மக்கள் ஆகியோருக்குச் சமபங்காகப் போகும். இவர்களுள் ஒருவர் இருப்பினும் தகப்பனாருக்குப் பங்கில்லை. மைனர் குழந்தையின் பங்கை விற்கவோ நீதிமன்ற அனுமதி வேண்டும். மனைவி மக்களின் உரிமை குன்ற வேண்டும் என்பதன்று என் கருத்து. எவருக்கு எது என்பதை அவனே தீர்மானித்திருந்தால், துக்கம் ஆறுமுன்னரே மாமனாரும் மருமகளும் வட்டாட்சியர் அலுவலகத்தில் எதிரெதிராக நிற்க நேராது என்பதே என் கருத்து.

போர்முனையில் உள்ள வீரர் வாய்மொழியாகவும் உயில் கூறலாம் என்று 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் சலுகை தந்திருப்பது உண்மையே. ஆனால் அது எல்லாச் சமயத்தாருக்கும் பொருந்துவதன்று, சமாதான காலத்து முகாம் வாழ்க்கைக்கும் உரியதன்று. 2023 ஏப்ரலில் பட்டிண்டா ராணுவ முகாமில் சுடப்பட்டு மாண்ட நால்வருள் இருவர் தமிழகத்துப் பிள்ளைகள். அங்கே போர் எதுவும் நடக்கவில்லை.

உயில் எழுதுவதோ எளிது. முத்திரைத்தாள் வேண்டா, வெள்ளைத் தாள் போதும். பதிவும் கட்டாயமன்று, எனினும் பதிவது நலம். பதினெட்டு வயது நிறைந்தவர் தெளிந்த சித்தத்தோடு கையெழுத்திட, இரு சாட்சிகள் கையொப்பமிட்டால் அது செல்லும். உறையிலிட்டு முத்திரையிட்டு மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கவும் சட்டம் இடந்தருகிறது. இவற்றை அறியாமையே நம் குறை.

2025 ஜூலையில் தேசியச் சட்டப்பணிகள் ஆணையம் படைவீரர் குடும்பங்களுக்கென்றே வீர் பரிவார் சகாயதா என்னும் சட்ட உதவித் திட்டத்தைத் தொடங்கியுள்ளது. அதன் பயன் நம் ஊர்களுக்குள்ளும் வர வேண்டுமாயின், முன்னாள் படைவீரர் நல அலுவலகம், பதிவுத்துறை, வருவாய்த்துறை, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆகிய நான்கையும் தாங்கள் ஒன்றுகூட்டி, வீரர்கள் விடுமுறையில் ஊர் திரும்பும் பொங்கலிலும் வீரபாண்டித் திருவிழாக் காலத்திலும் கம்பம், போடி, ஆண்டிபட்டி முதலிய இடங்களில் உயில் முகாம்கள் நடத்த உத்தரவிட வேண்டும். பாட்டனார் பெயரிலேயே கிடக்கும் பட்டாக்களையும் அம்முகாம்களிலேயே திருத்தித் தரவேண்டும். தேசத்தைக் காக்கச் சென்றவனின் குடும்பத்திற்கு அவன் சொத்து வழக்கின்றிக் கைசேரும்படி செய்வது அரசின் கடமை. அக்கடமையைத் தங்கள் காலத்திலேயே நிறைவேற்றித் தருமாறு வணக்கத்துடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
கம்பம் பள்ளத்தாக்கின் குடிமகன் ஒருவன்