அம்மம்மாவின் அச்சத்திற்கு என்ன பதில்?



உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் பேதுருவின் முதுமையைப் பற்றிக் கூறியதை (யோவான் 21:18) நாம் விரைவாகக் கடந்துபோய்விடுகிறோம். இளமையில் தன் விருப்பப்படி நடந்தவனை முதுமையில் இன்னொருவர் உடுத்தி அழைத்துச் செல்வார் என்கிறார். அது பேதுருவின் மரணத்தைக் குறித்தது என நற்செய்தியாளரே விளக்கம் தருகிறார். ஆயினும் முதல் வெள்ளிகளில் நோயாளருக்கு நற்கருணை கொண்டுசெல்லும் எனக்கு, அது வீட்டுக்கு வீடு எழுத்துப் பிசகாமல் நிறைவேறுவதாகவே தோன்றுகிறது.

திருகோணமலை நகரில், கடலோசை கேட்கும் ஒரு வீட்டில் மறதி நோயுற்ற அம்மம்மா ஒருவர் இருக்கிறார். ஒரு நள்ளிரவில் எழுந்து, சேலைகளைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு, "கடல் வருகுது, பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு ஓடுங்கோ" என்று கூவியவாறே வாசற்படியில் தடுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. நமக்குக் கடந்துபோன 2004 டிசம்பர் 26, அவருக்கு இன்னும் கடக்கவில்லை. தாய் வேலைக்குச் செல்பவர். ஆகவே உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டிருந்த பேரனின் தோள்களில் பராமரிப்பு விழுந்தது.

சத்திரசிகிச்சைக்குப் பின் அம்மம்மா முன்னிலும் குழம்பினார். பகலில் உறங்கினார், இரவில் ஊசிக் குழாயைப் பிடுங்கினார். "புத்தி முழுதாகப் போய்விட்டது, சுவாமி" என்றனர் உறவினர். அத்தீர்ப்பு அவசரமானது. மறதி நோயுற்றோர் எலும்பு முறிந்து வைத்தியசாலையில் கிடக்கும்போது திடீர்க் குழப்பம் மேலிடுவது வழமை. வலி, சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நீர் போதாமை, சில மருந்துகள், பழகாத இடம் ஆகிய யாவும் அதனைத் தூண்டும். காரணம் கண்டு நீக்கினால் பெரும்பாலும் தணியும்; நாட்களோ வாரங்களோ ஆகலாம், முன்னிருந்த நிலை முற்றாகத் திரும்பாமலும் போகலாம். "வலிக்கிறதா?" என்று கேட்டால் "இல்லை" என்பார்கள். ஆகவே வாயை நம்பாமல் முகச்சுளிப்பையும் முனகலையும் பார்த்து வைத்தியரிடம் சொல்லுங்கள். மூக்குக்கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். இது சிறு காரியமல்ல. பாதி உலகம் மங்கிக் கிடக்கும் ஒருவருக்கு மீதியையும் நாமே மறைப்பதாகும்.

வீடு திரும்பியதும் வேறொரு சோதனை. "பாவம், படுத்திருக்கட்டும்" என்று அயலார் இரங்கினர். இந்த இரக்கத்தை நான் அஞ்சுகிறேன். வைத்தியர் அனுமதித்தபின் படுக்கையிலேயே கிடத்துவதால் தசை வலுவிழக்கிறது, படுக்கைப்புண் வருகிறது, நெஞ்சில் சளி கட்டுகிறது. இயன்மருத்துவர் காட்டியபடி அந்தப் பேரன் நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே சொல்லால், ஒரு நேரத்தில் ஒரு காரியம் மட்டும் சொல்லி எழுப்பினான். "எழும்புங்கோ." பிறகு, "பிடியுங்கோ." காலை தான் கற்றதை அம்மம்மா மாலையில் மறந்தார், அவன் மறுபடி தொடங்கினான். மகளின் பெயர் மறந்த அவர் நாவில் பிரியதத்த மந்திரம் மட்டும் பிசகவில்லை. அதைச் சொல்லிக்கொண்டே அடியெடுத்து வைப்பிக்கும் வழியை அவனே கண்டுபிடித்தான். குருமடத்தில் எங்களுக்கு யாரும் இதைக் கற்பிக்கவில்லை.

ஒருநாள் அவன் கேட்ட கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம். "கடல் வருகுது என்று அழுகிறா. அது 2004 என்று சொன்னால் இன்னும் பயப்படுகிறா. பொய் சொல்லலாமா, சுவாமி?"

பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது கட்டளை. அதைத் தளர்த்த எனக்கு அதிகாரமில்லை. ஆனால் அம்மம்மா ஆண்டைக் கேட்கவில்லையே! பிள்ளைகள் உயிரோடிருக்கிறார்களா என்றல்லவா கேட்கிறார்? "எல்லாரும் பத்திரமாய் நிக்கினம், அம்மம்மா" என்பது முழு உண்மை. இறந்த கணவரைத் தேடும்போது ஒவ்வொரு முறையும் சாவுச்செய்தி சொல்லிப் புதிதாக விதவையாக்குவது நேர்மையாகாது. "அம்மப்பா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் பொய்யுமில்லை, கண்ணீரும் குறையும். தந்தையின் அறிவு குன்றினாலும் பொறுமை காட்டும்படி சீராக் 3:13 பணிக்கிறது. அங்கே கேட்கப்படுவது பொறுமை; திருத்தம் அல்ல.

திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல் தாத்தா பாட்டியர், முதியோருக்கான உலக நாளை ஏற்படுத்தினார். ஜூலை நான்காம் ஞாயிறன்று ஆலயத்துக்கு வரக்கூடிய முதியோருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம், நல்லது. வரமுடியாதவரும், அவரைக் காப்பவரும் எங்கே? அந்த இளைஞன் சுமார் மூன்று மாதங்கள் ஞாயிறு திருப்பலிக்கு வரவில்லை. அவனை மனத்துக்குள் குறை சொன்னவர்களுள் நானும் ஒருவன். மரியாயின் சேனையினர் இருவர் கிழமைக்கு இரண்டு மணிநேரம் அந்தத் திண்ணையில் அமர்ந்திருந்தால் அவன் வந்திருப்பான். இப்போது அமர்கிறார்கள்; பிந்தித்தான் தொடங்கினோம்.

சென்ற முதல் வெள்ளியன்று அம்மம்மா நான்கு கால் ஊன்றுகோலுடன் திண்ணைவரை நடந்து வந்தார். பேரனை உற்றுப் பார்த்து, "தம்பி, நீர் ஆற்றை பிள்ளை?" என்றார்.

"உங்கட பிள்ளைதான், அம்மம்மா."

"அப்ப சரி" என்று சொல்லி உட்கார்ந்தார்.