எப்போது ‘செட்டில்’ ஆகிறோம்?

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் பண்ணைக்காட்டிலும் தாண்டிக்குடியிலும் மன்னவனூரிலும் ஒரே கேள்விதான்: “பையன் எப்போது செட்டில் ஆவான்?” பெண் பிள்ளை என்றால் அதுவும் இல்லை, “எப்போது கட்டிக் கொடுக்கப் போகிறீர்கள்?” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். செட்டில் ஆவது என்றால் மாதச் சம்பளம். கால் காசு என்றாலும் கவர்மெண்ட் காசு என்பது நம் வீடுகளில் எழுதாத சட்டம். அது கிடைக்காதவர்களுக்கு இருக்கவே இருக்கிறது கம்பெனி வேலை.

இந்த ஆசையை யாரும் ஏளனம் செய்ய வேண்டியதில்லை. மாதச் சம்பளம் நமக்கு வெறும் காசாக வரவில்லை. தோட்டக்காரர் வாசலில் கூலிக்காகக் கைகட்டி நிற்க வேண்டியதில்லை என்ற விடுதலையாக வந்தது. இப்போது நகரத்தில் வேறொரு பேச்சு கேட்கிறது: பணமும் பதவியும் வெற்றி இல்லையாம், மனதுக்குப் பிடித்ததைச் செய்ய வேண்டுமாம், ஐ.டி. வேலையை உதறிவிட்டுக் கொடைக்கானலில் இரண்டு ஏக்கர் வாங்கி இயற்கை விவசாயம் செய்ய வேண்டுமாம். செய்யட்டும். அந்த இரண்டு ஏக்கரில் குழி வெட்டுகிறவர் பெரும்பாலும் நம் ஆளாகத்தான் இருப்பார். உதறுவதற்கு ஒரு வேலையும் வாங்குவதற்குப் பணமும் உள்ளவர்களின் தத்துவம் அது.

ஆனாலும் எது வெற்றி என்ற கேள்வியை அவர்களிடமே விட்டுவிட முடியாது. சம்பளம் வந்தால் போதும் என்ற கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இந்த மலையே சாட்சி.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்ற ஊரில் ஓடிக்கொண்டிருந்த பாதரச தெர்மாமீட்டர் தொழிற்சாலை, 1983-இல் கொடைக்கானலுக்கு இடம் பெயர்ந்தது. முதலில் பாண்ட்ஸ், பிறகு இந்துஸ்தான் லீவர். பாம்பார் சோலையை ஒட்டிய இடம். தெர்மாமீட்டர்கள் கப்பலேறி வெளிநாடு போயின. உருளைக்கிழங்குக் காட்டிலும் எஸ்டேட்டிலும் தினக்கூலிக்குப் போன குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய வாசல் என்று சொல்ல வேண்டியதில்லை. சீருடை, மாதச் சம்பளம், பன்னாட்டுப் பெயர். ‘செட்டில்’ ஆவதற்கு வேறென்ன வேண்டும்?

2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடப்பது வெளியே வந்தது. ஊர் மக்களும் சூழல் அமைப்புகளும் திரண்டார்கள். ஆலை மூடப்பட்டது. 2003-இல் ஏறத்தாழ 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. வேலை பார்த்தவர்களின் உடம்பில் ஏறியதை எந்தக் கப்பலில் அனுப்புவது? போதிய பாதுகாப்பு இல்லாமல் பாதரசத்தைக் கையாண்டதாகவும், சிறுநீரகமும் நரம்பும் கெட்டதாகவும் தொழிலாளர்கள் சொன்னார்கள். ஆலையால் உடல்நலக் கேடு இல்லை என்றே நிறுவனம் கடைசிவரை சாதித்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் பத்தாண்டு இழுத்து, 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுக்கான உடன்பாட்டில் முடிந்தது. ஆலை ஓடிய ஆண்டுகளைவிட வழக்கும் போராட்டமும் அலைச்சலும் அதிகம் குறைந்தவையல்ல.

மலைக்குக் கீழே இறங்கினால் வேடசந்தூர், நத்தம் பக்கத்து மில்கள். மூன்று வருடம் விடுதியில் தங்கி நூல் நூற்றால் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை என்று பெண் பிள்ளைகளை அழைத்துப் போனார்களே, அந்தத் திட்டத்துக்கு ‘சுமங்கலி’ என்று பெயர் வைத்தவரின் கற்பனையை மெச்சத்தான் வேண்டும். 2021 ஜனவரியில் இதே திண்டுக்கல் மாவட்டத்து ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த தலித் இளம்பெண் கொலையுண்டார். கொலைக் குற்றச்சாட்டுக்கு ஆளானவர் அவருடைய மேற்பார்வையாளர். பல மாதத் தொல்லையை அந்தப் பெண் பொறுத்துக்கொண்டது வேலை போய்விடக் கூடாதே என்றுதான்.

அதற்குப் பிறகு நடந்ததை நம் மாணவர்கள் படிக்க வேண்டும். தலித் பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் விடவில்லை. 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் நிறுவனத்தோடும் எச் அண்டு எம் நிறுவனத்தோடும் ஒப்பந்தம் போட்டது. உலகம் அதைத் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ என்றே அழைக்கிறது. இருபத்தைந்து தொழிலாளருக்கு ஒருவர் வீதம் கண்காணிப்பாளர்களைத் தொழிற்சங்கமே தேர்ந்து பயிற்சி கொடுக்க வேண்டும். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது. அதே தையல் மெஷின்தான், வேலையும் அதேதான். வாய் திறந்தால் வேலை போகாது என்பது மட்டும் புதிது. அந்தத் தொழிற்சங்கப் பெண்கள் நம் ஊர்க் கணக்கில் ‘செட்டில்’ ஆனவர்களா, இல்லையா?

நம் முன்னோரும் உத்தியோகத்தை இப்படித்தான் எடை போட்டார்கள். இரட்டைமலை சீனிவாசன் நீலகிரியில் வெள்ளையர் வணிக நிறுவனத்தில் கணக்கராக இருந்தவர். அதை விட்டுச் சென்னைக்கு வந்து 1893-இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். கொலம்பியாவில் படித்த அம்பேத்கர் 1917-இல் பரோடா சமஸ்தானத்தில் உயர் பதவியில் சேர்ந்தார். ஆனால் தங்குவதற்கு அவருக்கு ஓர் அறை கிடைக்கவில்லை. 1951-இல் இந்து சட்டத் தொகுப்பு மசோதாவுக்காக மத்திய அமைச்சர் பதவியையே விட்டார். 1956 மார்ச்சில் ஆக்ராவில் பேசும்போது, படித்து உத்தியோகத்துக்குப் போனவர்கள் கைவிட்டுவிட்டார்கள் என்று வருந்தினார். நாம் எல்லோரும் ராஜினாமா எழுத வேண்டும் என்று சொல்லவில்லை. எழுதினால் அடுத்த மாத அரிசிக்கு வழி? சம்பளம் வாங்கும் நம் ஆள் காலனிக்கு மாலை வகுப்பெடுக்க வாரம் ஒருநாள் வருகிறாரா என்பதையும் வெற்றிக் கணக்கில் சேர்க்கச் சொல்கிறோம்.

இன்னொன்று. மலையிலேயே தங்கிவிட்டவனைத் தோற்றவன் என்கிறோம். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விருப்பாச்சி மலைவாழைக்கும் அந்தப் பெருமை உண்டு. தாண்டிக்குடியில் காபி ஆராய்ச்சி நிலையம், தடியன்குடிசையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம், மன்னவனூரில் மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சி மையம் எல்லாம் இங்கேதான் உள்ளன. களையெடுக்க மட்டுமா அந்த வாசல்கள்? உள்ளே விஞ்ஞானியாகவும் உட்காரலாம் என்று எத்தனை பள்ளிகளில் நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள்?

பூண்டின் பெருமை நிலம் உள்ளவருக்குத்தான் காசாகிறது. நிலமற்ற ஆதிதிராவிட, பழங்குடிப் பெண்கள் விவசாய நிலம் வாங்க, தாட்கோவின் ‘நன்னிலம்’ திட்டத்தில் பாதித் தொகை, ரூ.5 லட்சம் வரை மானியம் உண்டு. வன உரிமைச் சட்டம் 2006-இல் வந்தது. அதன்படி பழங்குடியினர் 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து நிலம் தம் அனுபவத்தில் இருப்பதைக் காட்டினால் போதும். மற்றவர்கள் 75 ஆண்டுகளாக வனத்தை நம்பி வாழ்வதை நிரூபிக்க வேண்டும். பளியர் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள். அதே காட்டில் வாழும் புலையர் இருப்பதோ பட்டியல் சாதிப் பட்டியலில். அவர்கள் பழங்குடித் தகுதி கேட்பது படிப்புக்கும் வேலைக்கும் மட்டும் அல்ல, காலடி மண்ணுக்கும்தான்.

தேர்வு முடிவு வந்ததும் மில் ஏஜெண்டுகள் ஊரூராக வருவார்கள். பிள்ளையை வண்டி ஏற்றும் முன் பெற்றோர் நாலு விஷயம் கேளுங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா? பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது, அதில் யார் யார் இருக்கிறார்கள்? தொழிற்சங்கம் இருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை பிள்ளை வீட்டுக்கு வரலாமா? ஏஜெண்டு சம்பளத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தால், வண்டியைக் காலியாகவே திருப்பி அனுப்புங்கள்.