கேள்வி - பதில்: முள் வால் ஈ ஊனமா?

கேள்வி: 30 சென்ட் பாகல் பந்தலில் 3 கியூலூர் பொறி கட்டியிருக்கிறோம். நிறைய ஈ விழுகிறது. ஆனாலும் காய் சொத்தையாகிறது. சொத்தைக் காயை மண் போட்ட பாட்டிலில் வைத்துப் பார்த்தேன். வெளிவந்த ஈக்களில் பாதிக்கு வாலில் முள் நீட்டிக்கொண்டிருக்கிறது. பொறியில் விழுந்த எதற்கும் அது இல்லை. சிலவற்றுக்கு நெற்றி வீங்கி, இறக்கை சுருண்டிருக்கிறது. மருந்தடித்ததால் இப்படியா? பொறியே போதும் என்கிறார் வீட்டுக்காரர்.
- ஒரு வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: சகோதரி, பாட்டிலில் வைத்துப் பார்த்தீர்களே, அதுவே பாதி விடை. முள் இருப்பது ஊனமல்ல. அது பெண் ஈ. பாகல் தோலைக் குத்தி உள்ளே முட்டையிடும் ஊசி அது. ஆண் ஈக்கு வயிற்று நுனி மழுங்கி உருண்டிருக்கும். கியூலூர் வாசனை ஆணை மட்டுமே இழுக்கும். அதனால்தான் பொறியில் முள் வால் இல்லை. ஏற்கெனவே இணை சேர்ந்த பெண் ஈக்கள் உங்கள் பந்தலில்தான் சுற்றுகின்றன. பொறி நிறைவதைப் பார்த்து வீட்டுக்காரர் நிம்மதி அடைவது இதனால்தான் சரியில்லை.

நெற்றி வீக்கமும் நோயல்ல. கூட்டை முட்டி உடைக்க ஈயின் நெற்றியில் ஒரு பை புடைக்கும். சிறிது நேரத்தில் உள்ளே போய்விடும். இறக்கையும் பிறக்கும்போது கசங்கித்தான் இருக்கும், பிறகு விரியும். மறுநாளும் சுருண்டே இருந்தால், மண் காய்ந்திருக்கலாம், அல்லது ஏறி நின்று விரிக்க இடமில்லாமல் போயிருக்கலாம். மருந்தின் மேல் உடனே பழி போட வேண்டாம். அப்படிப்பட்ட ஈ பறக்காது. அதைப் பற்றிக் கவலையில்லை.

கவலை நல்ல இறக்கையுள்ள பெண்ணைப் பற்றித்தான். பொறியை எடுக்காதீர்கள், அடுத்த பயிருக்குப் பூ எடுக்கும்போதே கட்டுங்கள். இப்போதைக்குக் காய்தான் முக்கியம். குத்திய இடத்தில் பிசின் கசிந்த காய், கோணிய காய், உதிர்ந்த காய் எல்லாவற்றையும் ஒவ்வொரு பறிப்பிலும் தனிப் பையில் சேருங்கள். வரப்பில் வீசினால் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூடு கட்டி, மறுபடி ஈயாக வரும். எருக்குழியும் ஆகாது. 2 அடி ஆழத்தில் புதையுங்கள், அல்லது கெட்டியான பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் போடுங்கள். பந்தலடி மண்ணைக் கொத்திவிட்டால் கூடுகள் வெளியே வந்து வெயிலில் காயும், கோழியும் பொறுக்கும்.

பெண் ஈயையும் இழுக்க, நனைத்த கருவாட்டுத் தூள் வைத்த பொறி உண்டு. அதில் சேர்க்கும் மருந்தை வேளாண் அலுவலரிடம் கேட்டு வாங்குங்கள்.

பாட்டிலை மட்டும் திறந்து விட்டுவிடாதீர்கள். மூடியபடியே வெயிலில் வைத்து, ஈ செத்த பிறகு கொட்டுங்கள்.